ஏலத்தில் போன டாங்கி விளையாட்டு

எங்கள் இல்லம் கடலூர் முதுநகரில், துறைமுகத்திற்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. என் கணவர் மரியலூர்து விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். மணமான புதிதில், பட்டறையிலிருந்து திரும்பியதும் அவர் கை கழுவும் முறையைக் கண்டே அன்றைய மாலை எவ்வாறு கழியும் என்பதை நான் அறிந்துகொள்வேன். விரல் இடுக்குகளில் உள்ள கிரீஸ் முற்றிலும் போகும்வரை மண்ணெண்ணெயும் சோப்பும் இட்டுத் தேய்த்தாரெனில், அன்று டி.வி. கேம் உண்டு என்பது பொருள்.

டி.வி. கேம் என்பது தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்படும் ஒரு சிறு பெட்டி. அதில் கேசட்டைச் சொருகி, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ விளையாட்டுகள் இருப்பினும் எங்கள் இருவர் உள்ளத்தையும் கவர்ந்தது டாங்கி விளையாட்டே ஆகும். திரையின் அடியில், செங்கற்களுக்கு நடுவே ஒரு பறவை அமர்ந்திருக்கும். மேலிருந்து இறங்கிவரும் பகை டாங்கிகள் அதைச் சுட்டுவிடாதவாறு நாங்கள் இருவரும் காக்க வேண்டும்; சுட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவருடைய டாங்கி மஞ்சள், என்னுடையது பச்சை.

இவ்விளையாட்டில் ஒரு விதி உண்டு. துணைவரின் குண்டு நம்மீது பட்டால் நம் டாங்கி அழிந்துவிடாது. சிறிது நேரம் நகர இயலாமல் மின்னி மின்னி நிற்கும். என் கணவரின் குண்டு என்மீது அடிக்கடி பட்டது. "தெரியாம பட்டுடுச்சு" என்பார். பிறகு, என் டாங்கி மீண்டும் நகரும்வரை தம் டாங்கியைக் கொண்டுவந்து அதன் முன்னே நிறுத்திக் காவல் காப்பார். அவர் தெரிந்தேதான் சுடுகிறார் என்பதை நான் அறிவேன். நான் அறிவேன் என்பதை அவரும் அறிவார்.

போர்க்களத்தை நாமே அமைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. நான் பிறந்த ஊர் சிதம்பரம். ஆதலால் அவ்வூரின் நான்கு தேர் வீதிகளையும் செங்கற்களால் அமைப்பேன். அவர் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, வலப்புற மூலையில் நீர்க் கட்டங்களை வரிசையாக வைத்து, "இதான் நம்ம உப்பனாறு" என்பார். சிதம்பரத்திற்குள் கடலூர் உப்பனாறு எவ்வாறு வரும் என்று நான் வினவுவேன். "கல்யாணம் கட்டுனா வரும்" என்பது அவர் விடை. சுவிட்சை அணைத்தால் ஊர், ஆறு எல்லாம் அழிந்துவிடும். மறுநாள் முதலிலிருந்து கட்டுவோம்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்தவுடன் அவர் புதுச்சேரிக்குச் சென்று ஒரு புதிய கேசட் வாங்கி வருவார். அம்மாதக் கடைசி நாள்களில் எங்கள் சமையலறையில் மீன் வாசனை குறையும். "இந்த மாசம் கொழம்புல கேசட்டப் போட்டுடவா?" என்று கேட்பேன். அவர் சிரிப்பார்.

எங்களுக்கு நெடுநாள் குழந்தைப் பேறு வாய்க்கவில்லை. என் கணவர் மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். நேர்ச்சை யாது என்பதை என்னிடம் கூறவில்லை. பின்னர் நித்யா மேரி பிறந்தாள். அவ்வாண்டு மாதா திருவிழாவன்று, அவர் டி.வி. கேம் பெட்டியைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுசென்று பீடத்தின் அருகில் வைத்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

எங்கள் பங்குத் தேவாலயத்தில், காணிக்கையாக வரும் பொருள்களைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவர். கோழியை நேர்ந்தவரே அக்கோழியை ஏலத்தில் எடுத்து, மகிழ்ச்சியோடு வீட்டிற்குக் கொண்டுசெல்வதும் வழக்கமே. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆகவே என் கணவரும் பெட்டியைத் திரும்ப எடுப்பார் என நான் உறுதியாக நம்பினேன். பெண்கள் பக்கத்தில், பசித்து அழுத நித்யாவை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

ஒரு சேவலும் இரண்டு பலாப்பழங்களும் போனபின், ஏலம் விட்ட கோயில் உபதேசியார் பெட்டியை உயர்த்திக் காட்டினார்.

"அடுத்தது டி.வி. கேம். முட்டை போடாது. ஆனா பசங்கள வூட்டோட வெச்சிருக்கும். கேளுங்க."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் விலை கேட்டார். "ஒரு தரம்" என்றார் உபதேசியார். என் கணவரின் குரல் வரும் என்று காத்திருந்தேன். "ரெண்டு தரம்." வரவில்லை. மூன்றாம் தரமும் கழிந்தது. பெட்டி துண்டோடு பண்ருட்டிக்குப் போயிற்று.

அன்று அவர் ஏன் வாய் திறக்கவில்லை? இவ்வினாவை நான் ஒருநாளும் கேட்கவில்லை. என்னோடு அமர்ந்து விளையாடுவது அவருக்குச் சலித்துவிட்டது என்றே கருதினேன். கேட்டால் "ஆமாம்" என்று கூறிவிடுவாரோ என்னும் அச்சமும் இருந்தது. குழந்தை வளர்ப்பில் ஆண்டுகள் கழிந்தன. நித்யாவுக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் டாங்கிக் கதைகளைக் கூறுவேன். இப்பொழுது அவளும் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் பயில்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. அவர் கைப்பேசியில் காணொளி பார்ப்பார். நான் வேறு அறையில் இருப்பேன். கேஸ் தீர்ந்ததா, மோட்டார் போட்டாயா என்பவற்றைத் தவிர எங்களுக்குள் உரையாடல் இல்லாதொழிந்தது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நித்யாவை அழைத்துவரச் சிதம்பரம் சென்றேன். விடுதி வாயிலில் அவளுடைய தோழி மெஹ்ரீனும் நின்றாள். லால்பேட்டையைச் சேர்ந்தவள். ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள்.

"எங்க அத்தா சவுதியிலேர்ந்து கொண்டாந்தது ஆண்ட்டி. பரண்ல கெடந்துச்சு. உங்க டாங்கி கதையெல்லாம் நித்யா சொல்லிட்டா. டாங்கி கேசட்டும் உள்ளயே இருக்கு. தூசி போக நல்லா ஊதிட்டுப் போடணும்."

"ஊதுறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றியா? நீங்கள்லாம் பொறக்கறதுக்கு மின்னாடியே ஊதுனவ நான்" என்றேன்.

"பாத்தியா, அம்மா இப்பவே சண்டைக்கி ரெடி" என்றாள் நித்யா.

பேருந்தில் கடலூர் வந்து சேரும்வரை அப்பையை மடியிலிருந்து நான் இறக்கவில்லை.

மறுநாள் பூசைக்குச் சென்று வந்தபின், நித்யா அப்பெட்டியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தாள். என் கணவர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"யாருது இது?"

"மெஹ்ரீன் வூட்டுதுப்பா."

"எடுத்து வெய்யி. அத நான் மாதாவுக்குக் குடுத்துட்டேன்."

"இதையா குடுத்த? இது லால்பேட்டைலேர்ந்து வந்திருக்கு."

"எதுவா இருந்தா என்னா. வுட்டாச்சுன்னா வுட்டதுதான்."

இனியும் கேளாதிருந்தால் ஒருபோதும் கேட்கமாட்டேன் என உணர்ந்தேன்.

"அன்னைக்கு என்னான்னு நேந்துக்கிட்டீங்க? அப்படியே சொல்லுங்க" என்றேன்.

அவர் சற்றே சிந்தித்தார். "புள்ள பொறந்தா இந்தப் பொட்டிய உன் பாதத்துல வெக்கிறேன் தாயேன்னு."

"வெச்சீங்களா?"

"வெச்சேன்ல. நீதான் பாத்தியே."

"இனிமே வெளையாட மாட்டேன்னு சொன்னீங்களா?"

"அப்படிச் சொல்லல."

"அப்பறம் ஏன் ஏலத்துல கேக்கல? என்கூட ஒக்காந்து வெளையாடி அலுத்துப்போச்சா?"

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ கண்ண காட்டுவன்னு பாத்தேன் ஜோதி. உபதேசியார் மூணு தரம் சொல்றவரைக்கும் உன்னத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ நிமிரவே இல்ல. சரி, செலவு வுட்டுதுன்னு நெனைக்கிறா போலன்னு வுட்டுட்டேன். மாசாமாசம் கேசட்டக் கொழம்புல போடவான்னு கேப்பியே."

"அது கிண்டல்."

"எனக்கென்னா தெரியும். மீன் இல்லாத கொழம்பு நெசமாத்தான இருந்துச்சு."

"நான் புள்ளைக்கிப் பால் குடுத்துக்கிட்டிருந்தேன். அதான் குனிஞ்சிருந்தேன். காது பூரா உங்க குரலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்துச்சு."

அவர் என்னை நோக்கினார். அவ்வாறு அவர் நோக்கி நெடுங்காலம் ஆகிவிட்டிருந்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் பசின்னு அழுது கெடுத்தேனா?" என்றாள் நித்யா. பின்பு, ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தாள். அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவி, தன் தோளில் இட்டுக்கொண்டாள். "சரி. மறு ஏலம். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டி.வி. கேம் யாருக்கு? கேளுங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் அவர்.

"ஒருத்தரும் கேக்கலன்னா பண்ருட்டிக்குப் போயிடும்."

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு வாரம் மீன் ஆயுறது நானு."

"அவரு சத்தமா வீடியோ பாத்தா ஒரு மாசத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன் நான்.

"அம்மா ஏத்திட்டாங்க. ஒரு தரம்."

"ஒரு மாசம் மீன்" என்றார் அவர்.

"செதிலோடயா?"

"செதிலு, கொடலு, எல்லாம்."

"ரெண்டு தரம்" என்று கூறி நிறுத்திய நித்யா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "நான்" என்று இருவரும் ஒரே சமயத்தில் கூறினோம்.

"கூட்டுல குடுத்தாச்சு" என்று அவள் முடித்துவைத்தாள்.

அவர் எழுந்து சென்று கை கழுவினார். ஞாயிற்றுக்கிழமையாதலால் கையில் கிரீஸ் ஏதுமில்லை. எனினும் விரல் இடுக்கெல்லாம் சோப்பிட்டுத் தேய்த்தார். நான் கேசட்டை எடுத்து ஊதினேன். திரையில் வெறும் களம் தோன்றியது. எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை அறிவு மறந்திருந்தாலும் விரல்கள் மறக்கவில்லை. நான்கு தேர் வீதிகளும் முன்போலவே எழுந்தன. அவர் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, வலப்புற மூலையில் உப்பனாற்றை ஓடவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. கீழ வீதியை நான் கடப்பதற்குள் ஒரு குண்டு வந்து என்மீது பட்டது. என் பச்சை டாங்கி மின்னி மின்னி நின்றது.

"தெரியாம பட்டுடுச்சு" என்றார்.

மஞ்சள் டாங்கி மெல்ல வந்து எனக்கு முன்னே நின்றது. அதே வேளையில் இரண்டு பகை டாங்கிகள் கீழிறங்கி, செங்கற்களை உடைக்கத் தொடங்கின.

"ஐயோ, பறவையப் பாருங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும்" என்றார் அவர்.