காற்றில் விழுந்த அடி

பதினைந்து வருடமாக ஸ்வார்த்ஃபொஸ் என்ற பெயர்பெற்ற ராக் குழுவில் ட்ரம்ஸ் அடித்தும் எலியாசின் முகம் ஒஸ்லோவில் யாருக்கும் தெரியாது. சிம்பல் என்ற ஐந்து பெரிய பித்தளைத் தட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் முகம் எப்படித் தெரியும்? அவன் அவற்றில் போடுகிற போடில் முன்வரிசைக்காரர்களுக்குப் பல் கூசும். மன்னாரிலிருந்து சின்ன வயதில் வந்து, ஒஸ்லோப் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் குடியிருக்கும் இந்த மனிதனுக்குப் பேரும் புகழும் தந்தவை அந்தத் தட்டுகள்தான்.

அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வா என்று 2006ஆம் ஆண்டு வசந்தத்தில் இங்வில்ட் அவனைக் கூப்பிட்டாள்.

இங்வில்ட் இன்னொரு பெரிய குழுவின் பாடகி. அவள் போடுகிற கூச்சலுக்கென்றே கூட்டம் வரும். அவளுடன் ஹோகோன் சேர்ந்திருந்தான். அவன் வேறொரு குழுவின் கிட்டார்காரன், தனியாக வாசிக்கத் தொடங்கினால் நீங்கள் வெளியே போய்க் கோப்பி குடித்துவிட்டு வரலாம். நான்காவது குழுவிலிருந்து வாய்திறவாத பேஸ் கிட்டார்காரன் ஒருவன். நான்கு பெரிய குழுக்களிலிருந்து ஆளுக்கொருவர் கூடி, நியூ வேவ் என்ற எண்பதுகளின் இசையைப் புதிதாகச் செய்துபார்க்கப் போகிறார்கள். சின்னச் சின்னப் பாட்டுகள், குளிர்ந்த கீபோர்ட், நேரான தாளம், ஆடாமல் நிற்க முடியாத வேகம்.

இங்வில்ட் ஒரே ஒரு சட்டம் வைத்தாள். அவரவர் எதனால் பெயர் வாங்கினார்களோ அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரவேண்டும். அவள் கத்தமாட்டாள். ஹோகோன் தனியாக வாசிக்கமாட்டான். எலியாஸ் தட்டுகள் இல்லாமல், மூன்றே மூன்று ட்ரம்முடன், நின்றபடி அடிக்கவேண்டும்.

எலியாசுக்குத் தலைகால் புரியவில்லை. நோர்வேக்கு வந்த புதிதில், மொழி பிடிபடாத வயதில், வகுப்புப் பையன் ஒருவன் கொடுத்த கசெட்டில் கேட்டுத் தனியாக ஆடிய இசை அது. ஸ்வார்த்ஃபொஸ்காரர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பதினைந்து வருடம் மூச்சுக் காட்டாமல் இருந்தான். இப்போது அது தானாக வந்து கதவைத் தட்டுகிறது.

ஆனால் கை கேட்கவில்லையே! ஒவ்வொரு நாலாவது சுற்று முடிவிலும் வலது கை தன்பாட்டுக்கு மேலே போய், தட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்காற்றை ஓங்கி அடிக்கும். அடித்த அதிர்ச்சியில் அவன் தாளம் தடுமாறும். ஒருநாள் குச்சி கைநழுவிப் பறந்து ஹோகோனின் கோப்பிக் குவளைக்குள் விழுந்தது. மறுநாள் ஹோகோன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். தாளம் போடுகிற இயந்திரம். அதற்குக் கையும் இல்லை, பழக்கமும் இல்லை.

கோபம் எதுவுமில்லாமல்தான் ஹோகோன் சொன்னான். சனிக்கிழமை முதல் கச்சேரி. அங்கேயும் எலியாஸ் தாளத்தைத் தவறவிட்டால் மிச்சப் பாட்டுகளைப் பெட்டி அடிக்கும், அடுத்த மாதம் இசைத்தட்டுப் பதிவுக்கும் பெட்டிதான் வரும். சட்டத்தை வைத்தவளே இங்வில்ட்தானே, தட்டுகளை எடுத்துவா என்று அவள் எப்படிச் சொல்வாள்?

எலியாஸ் வீட்டில் சோபா மெத்தைகளை அடித்துப் பழகினான். மெத்தைகள் நைந்தன, கை திருந்தவில்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வந்த மனைவி புளோறன்சிடம் ஒரு சால்வையை நீட்டி, வலது முழங்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடச் சொன்னான். அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"கையைக் கட்டிப்போட்டு அடிக்கிறதெண்டால் அந்தப் பெட்டியே அடிக்கட்டுமே. நீங்கள் என்னத்துக்கு?"

"நீர் பகிடி விடாதேயும். இது போச்செண்டால் எனக்கு இனி இப்பிடி ஒண்டு வராது, புளோறன்ஸ்."

அவள் சால்வையை மடித்து வைத்தாள். "கை போறதைப் பற்றி ஒண்டுமில்லை. அது போனவுடனை நீங்கள் பயந்துபோய் நிக்கிறியள், அதுதான் பிழை. காத்தில அடிச்சாலும் நேரத்துக்கு அடியுங்கோ. நேரத்துக்குத் திரும்பி வாங்கோ."

தாளத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. கோயிலில் கைதட்டிப் பாடும்போதுகூட எல்லோரும் தட்டி முடித்த பிறகு தட்டுகிறவள் அவள்.

சனிக்கிழமை மாலை, வெளியே ஜூன் மாத வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்த அந்தச் சின்ன மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. நான்கு குழுக்களின் ரசிகர்களும் அவரவர் குழுவின் பெயர் போட்ட சட்டையோடு நாலு மூலையில் நின்று, அவரவர் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். மேடையில் ஹோகோனின் காலடியில் பெட்டி சிவப்பு விளக்கோடு காத்திருந்தது. எலியாஸ் தன் மூன்று ட்ரம்முக்கு முன்னால் போய் நின்றான். முகத்துக்கு முன்னால் ஒரு மறைப்பும் இல்லாமல் மனிதர்களை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததே இல்லை.

முதல் பாட்டில் கையை இழுத்துப் பிடித்துச் சமாளித்தான். இரண்டாவது பாட்டுக்கு வேகம் கூடுதல். மூன்று சுற்று முடிந்தது. நாலாவது முடிகிறபோது கை கிளம்பியதை எலியாஸ் பார்த்தான். கிளம்பிய கையை இனி யார் பிடிப்பது? பயம் வந்தது. கூடவே புளோறன்ஸ் சொன்னதும் வந்தது. இழுத்துப் பிடிக்காமல், முழுப் பலத்தோடு, சரியான நேரத்தில் காற்றை ஓங்கி அடித்தான்.

மற்ற மூவரும் அதே கணத்தில் நின்றுபோனார்கள். அவர்களும் வருடக்கணக்காக அந்த இடத்தில் தட்டு விழும், அது அதிரும்வரை நிற்கவேண்டும் என்று பழகிய உடம்புகள்தானே! மண்டபம் முழுக்க ஒரு துளி அமைதி. அடுத்த அடியில் எலியாசின் கை ட்ரம்முக்குத் திரும்பியது, நேரம் தப்பாமல். மூவரும் அவனோடு சேர்ந்து பாட்டுக்குள் விழுந்தார்கள்.

ஸ்வார்த்ஃபொஸ் ரசிகர்களுக்கு எலியாசின் தட்டு எங்கே விழும் என்று மனப்பாடம். அடுத்த நாலாவது சுற்றில் அந்த மூலை முழுவதும் கையைத் தூக்கி அவனோடு காற்றை அடித்தது. அதற்கடுத்த முறை பக்கத்து மூலையும் சேர்ந்துகொண்டது. பிறகு மூலைகளே இல்லை. எலியாஸ் இப்போது வேண்டுமென்றே அடித்தான். ஐந்நூறு கைகள் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக விழுந்தன, அந்தத் துளி அமைதியில் கூட்டம் ஓவென்று கத்தியது, எல்லோரும் ஆடினார்கள். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கி, எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஹோகோன் சிரித்துக்கொண்டே குனிந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

எலியாஸ் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகங்களைத் தேடினான். பின்னால், கதவோரத்தில் புளோறன்ஸ் நின்றாள். வேலைக்குப் போகிற அதே கைப்பையைத் தோளில் மாட்டியபடி, ஒரு கையை உயரத் தூக்கிப் பலமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் நேரம் பிந்திக் காற்றை அடித்தது அவள் ஒருத்திதான்.