சங்கு ஊதினால் சோறு

அந்த ஊரில் சங்கு ஊதினால் மூடிகள் திறக்கும். தூக்குவாளி மூடி, டிபன் பாத்திர மூடி, சாப்பாட்டுக்கடை அண்டா மூடி, எல்லாம். ஊதுவது ஆலைச் சங்கு அல்ல. அணுமின் நிலையத்தில் ஏதாவது ஆகிவிட்டால் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்காக, நிலையத்துக்காரர்கள் வாங்கிக் கொடுத்து நகராட்சி மொட்டைமாடியில் ஏற்றி வைத்த ஆபத்துச் சங்கு. ஊதக் காரணம் வாய்க்காமல் துருப்பிடித்துக் கிடந்தது.

அதற்கு வாழ்வு கொடுத்தவள் சித்தாள்தான். சிமெண்டுச் சட்டி சுமந்த தலையோடு போய் நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்தவள். நிலையத்துச் சுவரோரத் தெருவுக்கு உறுப்பினர். வெயில் உச்சிக்கு ஏறினாலும் மேஸ்திரியின் கடிகாரத்தில் மட்டும் மத்தியானம் ஆகாது என்பது அவளுடைய அனுபவம். "தினம் மத்தியானம் அந்தச் சங்க ஊதுங்க. துருவும் பிடிக்காது, நாங்களும் நேரத்துக்குச் சாப்பிடுவோம்" என்றாள். மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். கூலிக்காரச் சனம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஊரே நேரத்துக்குச் சாப்பிடப் பழகியது.

அப்படி இருக்கும்போதுதான் நிலையத்துத் தொட்டி நிரம்பியது.

நம் அடுப்பில் எரிந்து தீர்ந்தால் சாம்பல், பாத்திரமாவது தேய்க்கலாம். அவர்கள் அடுப்பில் எரிந்து தீர்ந்தது, எரிவதற்கு முன்னால் இருந்ததைவிடப் பொல்லாதது. பேரன், பேரனுக்குப் பேரன் என்று தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டும். அதைத்தான் இத்தனை நாளும் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி வைத்திருந்தார்கள். இனி கான்கிரீட் பீப்பாய்களில் அடைத்துச் சுற்றுச்சுவரின் ஓரமாக நிறுத்துவார்களாம், தற்காலிகமாக.

தற்காலிகம் என்றதும் உறுப்பினர்கள் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டடமே தற்காலிகக் கட்டடம்தான். அதைத் திறந்து வைத்தவர் செத்து, சிலையாகி, அந்தச் சிலைக்கும் மூக்கு உடைந்துவிட்டது.

பயம் தெளிவிக்க நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஊரில் அவருக்கு 'ஒண்ணுமாகாது' என்று பெயர்.

"கான்கிரீட்டு விரிசல் விட்டா?" என்று கேட்டார் முடிதிருத்துபவர். அவரும் ஓர் உறுப்பினர்.

"ஒண்ணும் ஆகாது."

"வெள்ளம் வந்தா?"

"ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணுமே ஆகாததுக்கு எங்க சம்மதம் எதுக்குய்யா?"

"ஏதாவது ஆச்சுன்னா ஊர வெளியேத்த முடியும்னு நீங்க எல்லாரும் சேர்ந்து உறுதி தரணும்ல?"

நகராட்சிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருவதாக நிலையம் தலைவருக்கு ஆசை காட்டியிருந்தது. "தந்துட்டாப் போச்சு. கை தூக்குங்கப்பா" என்றார். ஒரு கை குறைந்தாலும் உறுதி செல்லாது.

சித்தாளின் கை எழவில்லை. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரும்புக் கட்டிலே கதி.

"சுவருக்கு அந்தப் பக்கம் உங்க பீப்பாய், இந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் கட்டில். சங்கு ஊதினா ஊரு ஓடும். அவர யாரு தூக்குவா?"

"படுக்கையில கெடக்கறவங்கள நகராட்சி வண்டி வந்து ஏத்தி, ஊரெல்லப் பாலத்தத் தாண்டி விட்டுடும்மா. திட்டத்துலயே இருக்கு" என்றார் தலைவர்.

"ஒரு தடவ ஏத்திக் காட்டுங்க தலைவரே. பாலத்துக்கு அந்தாண்ட அவர இறக்கிட்டீங்கன்னா, என் கை தானா எந்திரிக்கும்."

ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். காலையில் சங்கு ஊதும், உடனே எல்லாரும் பாலத்தைத் தாண்டுங்கள் என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கி கத்தியது. சனங்களும் தலையை ஆட்டினார்கள்.

அன்றைக்குக் கொத்தனாருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டாள்.

"ரெண்டாம் கல்யாணமாடி எனக்கு?"

"அந்த ஆசை வேறயா? வண்டி வரும், பேசாமக் கெடங்க."

சங்கு ஊதியது. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கை கழுவினார். புதுவீட்டுச் சாரத்திலிருந்து ஆட்கள் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். தெரு முழுக்க மூடி திறக்கும் சத்தம். அவளும்தான் திரும்பிப் போய்த் தட்டை எடுத்தாள். கரண்டி சோற்றுக்குள் இறங்கிய பிறகே பொறி தட்டியது. அடிப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எடுத்தது எடுத்துட்ட, போட்டுடு" என்றார் கொத்தனார். "சாகறதுன்னாலும் வயிறு ரொம்பிச் சாவோம்."

வண்டி வரவில்லை. தேடிக்கொண்டு போனால், அது சாப்பாட்டுக்கடை வாசலில் நின்றது. ஓட்டுநரின் கை குழம்பில் இருந்தது.

"அக்கா, சங்கு ஊதியாச்சு. சாப்பாட்டு நேரத்துல வண்டி எடுக்க மாட்டேன். அந்த நியாயத்த எங்களுக்கு வாங்கிக் குடுத்ததே நீங்கதானே?"

அவள் தனியாகத் திரும்பி நடந்தாள்.

பிற்பகலில் கூட்டம் கூடியது. ஒண்ணுமாகாதின் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. "இப்படி ஒரு ஊர நான் பார்த்ததில்ல. ஒருத்தர் பதறல, ஒருத்தர் ஓடல, ஒருத்தர் முண்டியடிக்கல. ஒத்திகை மகா வெற்றி!"

எல்லாக் கைகளும் எழுந்தன, ஒன்றைத் தவிர.

"படுத்துக் கெடக்கற ஒரு ஆளுக்காக ஊரையே நிறுத்தி வைக்கறியேம்மா" என்றார் தலைவர்.

"வண்டி வேண்டாம். நீங்களே வந்து தூக்குங்க. பாலம் தாண்டினதும் நான் கை தூக்கறேன்."

புதுக் கட்டடம் தலைவரின் கண்முன்னே வந்து நின்றது போலும். "வாங்கப்பா" என்று எழுந்துவிட்டார்.

கட்டிலின் ஒரு காலைத் தலைவர் பிடித்தார், ஒன்றைத் துணைத்தலைவர், ஒன்றை முடிதிருத்துபவர். நாலாவது சித்தாள். பின்னால் காரில் ஊர்ந்து வந்தார் ஒண்ணுமாகாது. மேலே படுத்திருந்தவருக்கு நெடுநாளைக்குப் பிறகு வேலை கிடைத்துவிட்டது.

"தலைவரே, மட்டம் போகுது. தோள ஏத்துங்க. துணைத்தலைவரே, எட்டிப் போடாதீங்க, இது ஓட்டு கேக்கற நடையில்ல."

சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"இன்னும் இல்லப்பா, நீ போ" என்றார் கொத்தனார்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே தலைவருக்கு மூச்சு முட்டியது. "அதோ பாலம் தெரியுதுல்ல? தாண்டினதாவே வெச்சுக்குவோம். கை தூக்கிடும்மா" என்றபடி பிடியை விட்டார்.

கட்டில் சரிந்தது. கொத்தனாரின் உடம்பு மூட்டை போல விளிம்புக்கு உருண்டது. சித்தாள் தன் மூலையை விட்டுவிட்டுப் பாய்ந்து, இரண்டு கைகளாலும் மார்பாலும் அவரைத் தாங்கிக்கொண்டாள். கட்டில் கால் அவள் பாதத்தில் இறங்கியது.

"ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்றது கார் ஜன்னல்.

"சார், இறங்கி வந்து ஒரு கை குடுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் சாலையைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியது. கார் பின்வாங்கி, திரும்பி, புழுதியில் மறைந்தது.

தலைவர் கார் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்கு ஒத்திகை நல்லா வந்துச்சு தலைவரே" என்றார் முடிதிருத்துபவர். "மொதல் ஆளா வெளியேறிட்டாரு."

தலைவர் சிரிக்கவில்லை. குனிந்து கட்டில் காலைப் பிடித்தார். அவளுடைய பாதம் வீங்கிவிட்டதால், அந்த வழியாக வந்த கூலிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு நாலாவது மூலையில் நிறுத்தினார்கள். வீடு போய்ச் சேரும்வரை பேசியது கொத்தனார் மட்டும்தான்.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்: "சம்மதம்ங்கறவங்க கை தூக்குங்க."

கட்டில் சுமந்தவர்களுக்குத் தோள்பட்டை கன்றிப்போயிருந்தது. முடிதிருத்துபவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். துணைத்தலைவர் தோளை நீவிவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் தலைவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது மேசையை விட்டு எழவில்லை.