எங்க ரோபோவோட கை

ரோபோ போட்டியில மத்த அணிகளோட ரோபோ எப்படி ஆடுதுன்னு பார்த்து டேப்லெட்ல குறிக்கறது என் வேலை. மதியத்துக்கு மேல அணிகள் கூட்டணி சேர்ந்துதான் ஆடணும்; யாரோட சேரலாம்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம். அரங்கத்துல நெட் செத்துப்போச்சு. நெட் இல்லைன்னா எதுவுமே சேவ் ஆகாத அந்த ஆப்பை எழுதின மகராசன் என் அண்ணன். காலையிலிருந்து குறிச்சதெல்லாம் போச்சு. அவனைப் பிடிபிடின்னு பிடிச்சேன்.

என் கத்தல் கேட்டு முன்வரிசையில இருந்த கண்ணாடிக்காரி திரும்பினா. எங்க பரம எதிரி அணியில இதே வேலை பார்க்கிறவ.

"எங்க ஆப்புக்கு நெட் வேண்டாம். பென் டிரைவ் இருந்தா குடுங்க, நான் குறிச்சதைப் போட்டுத் தரேன்."

லேப்டாப்ல திறந்தேன். எல்லா அணியும் இருந்தது. எங்க அணியும்தான்! சொந்த ரோபோவைக் கவனிக்க யாருமே ஆள் போடறதில்ல, நாங்களும் போடலை. எங்க பேருக்கு நேரா அவ குறிச்சிருந்தா: "தூக்குற கை ஆட்டத்துக்கு ஆட்டம் இடப்பக்கம் சாயுது. சீக்கிரம் கழண்டுடும்."

அண்ணன்கிட்ட ஓடினேன். அவன் அந்தக் கையில விரல் வெச்சதுமே நட்டு கழண்டு வந்துடுச்சு. இறுக்கி மாட்டினான்.

திரும்பிப் போய், "இதை மட்டும் அழிச்சிட்டுக் குடுத்திருக்கலாமே?"ன்னு அவகிட்ட கேட்டேன்.

"நட்டு கழண்டு நீங்க தோத்தா, நாங்க ஜெயிச்சோம்னு எப்படிங்க சொல்லிக்கறது?"

இறுதி ஆட்டத்துல அவங்ககிட்டயேதான் தோத்தோம். எங்க கை கடைசிவரை சாயலை. தோத்த பக்கத்துல எழுந்து நின்னு விசிலடிச்சது நான் ஒருத்திதான். அண்ணன் முறைச்சான். முறைக்கட்டும்.