பம்படிச் சண்டைக்காரிகள்

என் மாமியார் அம்முலுவும் எதிர்வீட்டுச் செல்லாயி பெரியம்மாவும் சண்டை போட ஆரம்பித்தால்தான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையோரத்துக் காலனியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு அடிபம்பு. அங்கே குடத்தை வைத்துவிட்டு இருவரும் வாயைத் திறந்தால் நாய்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பயந்து அழுதிருக்கிறேன். பிறகு காது மரத்துவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காது. பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். “அந்தச் சிறுக்கிக்கு ஊத்திட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லாத” என்பார் மாமியார். காய்ச்சல் என்று இவருக்கு யார் சொன்னது? கேட்டால் எனக்கும் திட்டு விழும் என்பதால் கேட்டதில்லை.

இருவரும் மலாயாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போய், உலகப்போர் முடிந்ததும் கப்பலேறித் திரும்பியவர்கள். பெரியம்மாவோடு ஒரு கெட்ட பெயரும் கப்பலேறி வந்திருந்தது. ஜப்பான்காரன் ஆண்டபோது ஓர் அதிகாரியின் பங்களாவில் அவனுக்கு ஆசைநாயகியாக இருந்தவள் என்று. எங்கள் ஊர் மகா மரியாதைக்கார ஊர். முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் மகள் மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காரணம் சொல்லாமலே பின்வாங்கின.

மூன்றாவதாக, எழுபத்தாறாம் வருஷம் தை மாதம், காவாந்தண்டலத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெருமாளுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. தகப்பன் இல்லாத பெண். இதுவும் போனால் இனி ஒருவரும் அந்தப் படி ஏறமாட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்தான் அடுப்படியில் நின்று சமைத்தேன்.

பெரியம்மா தண்ணீர்ச் சொம்போடு போனபோது மாப்பிள்ளையின் சித்தப்பா வீராசாமி அவர் முகத்தையே பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவரும் மலாயா போய் வந்தவர், அதே தோட்டத்தில் இருந்தவர். சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய்க் கிசுகிசுத்தார். அந்தப் பக்கம் கிடந்த தம்ளர்களைப் பொறுக்கப் போன பெரியம்மா ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்தார். வீடு முழுக்க அவர்கள் ஆட்கள். தனியாக நின்று ஒரு வார்த்தை பேச இடமில்லை. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனார்.

அங்கே என் மாமியார் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. இன்றைக்குமா? சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வீராசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியம்மா கொண்டையை அவிழ்த்து உதறி மறுபடி முடிந்துகொண்டு, மூச்சு விடாமல் கத்தினார்.

“வயிறு முட்டத் துன்னுட்டு, பொருத்தம் சரியில்லன்னு சொல்லிக்கினு எழுந்து பூடலாம்னு பாக்குறியாடி? அன்னிக்கு மலாயாவுல பாத்த கண்ணு இன்னிக்கு வந்து என் குடியக் கெடுக்குதாடி?”

என் மாமியார் பம்பின் பிடியை விட்டார். பாதிக் குடம் நிறைந்திருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு நேராக வீராசாமியின் எதிரில் வந்து நின்றார்.

“ஏம்பா, துன்னுட்டு, பொருத்தம் சரியில்லன்னு சொல்லிட்டுப் போலாம்னு பேசினியா இல்லியா?”

வீராசாமியின் சிரிப்பு நின்றது. “உனுக்கு யாரு சொன்னது?”

“அவதான் சொன்னா. நீ நின்னு சிரிச்சிக்கினு இருந்த பாரு, அப்போ சொன்னா.”

“விடு அம்மு” என்றார் பெரியம்மா பின்னாலிருந்து. அந்த வாய் என் மாமியாரை அப்படி அழைத்து அன்றுதான் கேட்டேன்.

வீராசாமி சமாளித்துக்கொண்டார். “சரி, மறைச்சு இன்னா ஆவப்போவுது? இந்தம்மா ஜப்பான்காரன் வூட்ல இருந்தவங்க. நானா சொல்லல. பங்களா வாசல் பைப்பாண்ட நீதான் அசிங்க அசிங்கமா கேட்ட. என் ரெண்டு காதால கேட்டுகீறேன்.”

“ஊரே கேக்கணும்னுதான் கத்தினேன். ரெண்டு பொம்பளைங்க குசுகுசுன்னு பேசினா துப்பாக்கி வெச்சிக்கினு நிக்கிறவன் புடிச்சிக்குவான். சண்டை போட்டா சிரிப்பான், உன்ன மாதிரி. கொண்டைய அவுத்து முடியற வரைக்கும் வெறும் திட்டு. முடிஞ்சப்புறம் வர்றது சேதி. பட்டாளம் எந்தப் பக்கம் போவுது, எந்தத் தோட்டத்துக்கு லாரி வருதுன்னு இவ பங்களா உள்ள வேலை செஞ்சிக்கினே கேட்டுச் சொல்லுவா. நான் வாங்கியாந்து காட்ல மறைஞ்சிருந்து ஜப்பான்காரன எதுத்தவங்களுக்குச் சொல்லுவேன். நம்ம ஆளுங்க குடியிருந்த லயத்துக்கும் சொல்லுவேன்.” மாமியார் மூச்சு வாங்கினார். “சயாம் ரயில் ரோடு போட ஆள் புடிக்க லாரி வந்துச்சே, அன்னிக்கு நீ எங்க இருந்த?”

“காட்ல” என்றார் வீராசாமி. “லாரி வருது, ஓடுங்கடான்னு லயத்துல ஒரு பேச்சு வந்துச்சு. ஓடினேன். பக்கத்துத் தோட்டத்துல புடிச்சிக்கினு போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பல. யாரு சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“நீ ரெண்டு காதால கேட்டியே ஒரு சண்டை, அது அன்னிக்குக் காலையில போட்டதுதான்.”

இந்த இரண்டு வாயாடிகளோடு நான் ஆறு வருஷமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி தன் பெயரையே பந்தயமாக வைத்து வேலை செய்திருக்கிறாள். இன்னொருத்தி உயிருக்கு உயிரானவளின் பெயரைத் தன் வாயாலேயே நாறடித்துவிட்டு, அதைத் திருப்பி எடுக்க முடியாமல் முப்பது வருஷம் விழுங்கியிருக்கிறாள். போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் அந்தக் காட்டுக்காரர்களையே கம்யூனிஸ்டுகள் என்று தேட ஆரம்பித்தான், அங்கேயே தங்கிவிட்டவர்களின் தலை போகும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்றார் மாமியார். அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூசியது.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார். “அப்போ பங்களாவுல தப்பா ஒண்ணும் நடக்கலியா?”

“அது எனக்கும் அந்தச் செவுத்துக்கும் தெரியும்” என்றார் பெரியம்மா. “உன் கொழுந்தன் உசுரோட கீறாரு. உனக்கு அது போதும்.”

வீராசாமிதான் முதலில் நகர்ந்தார். பாக்கு வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் பெரியம்மாவின் எதிரில் நின்றார்.

“அக்கா, எங்க வூட்டுக்குப் பொண்ணக் குடு” என்றார். சொல்லும்போதே அழுதார்.

பெரியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டிய பிறகுதான் தட்டை வாங்கினார்.

பங்குனியில் கல்யாணம் முடிந்து மலர்க்கொடி காவாந்தண்டலம் போய்விட்டாள். இனி இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிவார்கள் என்று காலனியே எதிர்பார்த்தது. மறுநாள் விடிந்ததும் பம்படியில் பழையபடி சண்டை. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்தேன். பெரியம்மா கொண்டையை அவிழ்த்து முடிந்தார்.

“வெறும் வூட்ல ராத்திரி பூரா கூரையப் பாத்துக்கினு முழிச்சிக்கினு கெடக்கறியே, நீ எல்லாம் ஒரு பொம்பளையாடி?”

மாமியார் பதிலுக்கு ஏதோ திட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

“உன்ன யாரு வரச் சொன்னது?” என்றார் பெரியம்மா.

“யாரும் சொல்லல, பெரிம்மா” என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தேன்.