சுவருக்குச் சொன்ன கணக்கு

கண்ணாடிக் கடைக்காரரின் கடையில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை இல்லாமல் இல்லை. ஆனால் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்ட ஆளை அவர் அந்தப் பக்கம் திருப்புவதே கிடையாது. தோளைப் பிடித்து எதிரிலிருக்கும் அலமாரியைப் பார்க்க வைப்பார்.

"அந்த மூணாவது கோப்பையில என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்."

"கணிதத்தில் முதலிடம்."

"அதுக்குப் பக்கத்துல?"

"அறிவியலில் முதலிடம்."

"ம். கண்ணாடி கச்சிதமா உக்காந்திருச்சு. எல்லாம் நம்ம பையன் வாங்கினதுதான்," என்று சொல்லிவிட்டுத்தான் பில் போடுவார்.

அந்தப் பையன் கத்தோலிக்கக் குருமார் நடத்தும் ஆண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் எந்தப் பாடம் என்றாலும் நூற்றுக்கு நூறு வாங்கித் தொலைப்பதால் பள்ளியில் அவனுக்கு நூறு என்றே பெயர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மாகூட வாய் தவறி, "நூறு, தண்ணி எடுத்துட்டு வா" என்று சொல்லிவிடுவாள்.

இத்தனை பரிசு இருந்தும் அலமாரியின் நட்டநடுவில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. அது நன்னடத்தைப் பதக்கத்துக்கான இடம். அந்தப் பதக்கத்தை ஆசிரியர்கள் கொடுப்பதில்லை. வருடக் கடைசியில் வகுப்புப் பையன்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் கூடி ஜெபம் சொல்லி, தாங்கள் கண்ணால் பார்த்த நல்லதை எழுந்து நின்று சொல்லி, பிறகு சீட்டில் பெயர் எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வருடா வருடம் ஜெபம் என்னவோ உருக்கமாகத்தான் நடக்கும். பதக்கம் என்னவோ கால்பந்து கேப்டனுக்குத்தான் போகும்.

"இந்த வருஷம் அதையும் தட்டிரணும்டா," என்றார் அப்பா, அந்தக் காலி இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே.

நூறு தட்டாத பரிசு உண்டா? எல்லாப் பாடத்துக்கும் போடுவதுபோல் புண்ணியத்துக்கும் ஒரு கால அட்டவணை போட்டான். திங்கள் தாழ்ச்சி, செவ்வாய் பொறுமை, புதன் பிறர் அன்பு என்று வாரம் முழுக்க இடைவெளியில்லாமல் நிரப்பினான். பொறுமை நாளில் யாராவது காலை மிதித்தால் சிரிப்பான். மறுநாள் அதே ஆள் மிதித்தால் முறைப்பான். பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வாரம் தவறாமல் போனான். அதைக் கேட்பவர் சின்ன ஃபாதர். தலைமையாசிரியரான பெரிய ஃபாதரைவிட இவர் வயதிலும் மூத்தவர், சுற்றளவிலும் பெரியவர். பெரியவருக்குப் பிறகு வந்து சேர்ந்த ஒரே காரணத்தால் சின்னவர் ஆகிப்போனார். நூறின் பிரச்சினை என்னவென்றால், மூன்றாவது வாரத்திலேயே சரக்கு தீர்ந்துவிட்டது. வெறுங்கையோடு மண்டியிட மனசில்லாமல், பக்கத்து வீட்டுப் பூனையை உதைத்துவிட்டேன் என்று ஒரு போடு போட்டான். மன்னிப்பும் கிடைத்தது. பொய் சொன்னது உறுத்தவே, அடுத்த வாரம் அதையும் கொண்டுபோய்க் கொட்டினான்.

"பூனையே இல்லையா?" என்றார் சின்ன ஃபாதர், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"இல்ல ஃபாதர்."

"போன வாரம் அதுக்கு நான் மன்னிப்பு வேற குடுத்தேனே! தம்பி, உண்மையிலேயே ஏதாவது செஞ்சுட்டு வா. வெளிய பெரிய வரிசை நிக்குது."

புதன்கிழமைப் பிறர் அன்புக்கு ஒரு ஆள் தேவைப்பட்டான். நூறின் கண்ணில் பட்டது சுவர். பள்ளி அணியின் கோல்கீப்பர், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் பையன்கள் வைத்த பெயர் அது. பாடமும் உள்ளே போகாது என்பதால் கணக்கு வாத்தியாரும் அதே பெயரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். பருவத் தேர்வில் எந்தப் பாடத்தில் தவறினாலும் அணியில் இடமில்லை என்பது பள்ளியின் கண்டிப்பான சட்டம். சுவரின் கணக்கு மதிப்பெண்ணோ எப்போதும் விளிம்பில் நின்று ஊசலாடும். பள்ளிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம் தேர்வுக்கு அடுத்த வாரம்.

"நான் உனக்குக் கணக்குச் சொல்லித்தர்றேன்," என்றான் நூறு.

சுவர் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "காய்ச்சல் எதுவும் இல்லையே. எதுக்குடா?"

"சும்மாதான்."

"நீ சும்மா மூச்சுக்கூட விட மாட்டியே!"

இருந்தாலும் ஒத்துக்கொண்டான். புதன் மட்டுமில்லை, தினமும் வகுப்பு முடிந்ததும் பாடம். இடம் பார்த்தது நூறுதான்: ஆசிரியர் அறைக்கு வெளியே உள்ள வராண்டா. போகிறவர் வருகிறவர் கண்ணிலெல்லாம் படும். மற்றதற்கு ஆயிரம் குறை சொன்னாலும், அவன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தான் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். சுவரும் தலைகீழாக நின்று படித்தான். ஒருநாள் ஒரு கணக்குத் தானாகவே விடைக்கு வந்து சேர்ந்தபோது அவன் போட்ட கூச்சலில் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த வாத்தியார்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று நூறுக்குப் பதக்கமே மறந்துபோயிருந்தது. வீட்டுக்குப் போய்த்தான் அது நினைவுக்கு வந்தது.

வினை வந்தது நிகழ்தகவுப் பாடத்தில். பையிலிருந்து சிவப்புக் கோலியும் வரவேண்டும், பகடையில் ஆறும் விழவேண்டும், இந்த மாதிரிக் கணக்குகள். எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது என்று நூறு விளக்கத் தொடங்கும் நேரம் பார்த்துப் பெரிய ஃபாதர் வராண்டாவில் வந்தார். நூறின் குரல் தானாகவே பிரசங்கக் குரலானது. ஒரு கண் சுவர்மேல், ஒரு கண் வெள்ளை அங்கியின்மேல். "ரெண்டும் நடக்கணும்னா கூட்டு! ஏதோ ஒண்ணு நடந்தாப் போதும்னா பெருக்கு! நல்லா மனசுல வச்சுக்கோ!" என்றான் கணீரென்று. சொன்னது அப்படியே தலைகீழ். பெரிய ஃபாதருக்கு வரலாறுதான் பாடம், கணக்கு எட்டாது. "நல்ல பையன்" என்று தலையைத் தட்டிவிட்டுப் போனார். நூறுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாய் என்ன சொன்னது என்று காது கவனிக்கவில்லை. சுவர் மட்டும் அதை ஜெபம்போல் மனப்பாடம் செய்துகொண்டான்.

கணக்குத் தேர்வன்று காலையில் எல்லோரும் சிற்றாலயத்துக்கு வரிசையில் போனார்கள். நூறுக்குப் பின்னால் சுவர். அவன் உதடு அசைந்துகொண்டே வந்தது. "ரெண்டும் நடக்கணும்னா கூட்டு, ஏதோ ஒண்ணுன்னா பெருக்கு. ரெண்டும் நடக்கணும்னா கூட்டு..."

நூறின் காதுக்கு இப்போதுதான் அது எட்டியது. திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும்: மாத்திப் போடு, நான் தப்பாச் சொல்லிட்டேன். ஆனால் முன்னால் கேப்டன், பக்கத்தில் கணக்கு வாத்தியார், சுற்றிலும் சீட்டுப் போடப்போகிற அத்தனை பேரும். நூறுக்கே தப்பாமே என்று மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கச் சிரிக்கும். அந்த நேரத்தில் அவன் புத்தி எங்கே போனது என்றால், சிற்றாலய வரிசையில் பேசக்கூடாது என்ற விதியிடம் போனது. விதியை மீறுவது நல்ல நடத்தையா? வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் மண்டியிட்டான். அத்தனை பக்தியோடு அவன் அதுவரை மண்டியிட்டதே இல்லை.

அந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வியாகவே வந்திருந்தது. சுவர் ஒன்றுவிடாமல், சொல்லிக்கொடுத்தபடியே, அழகாக, மொத்தமும் தப்பாகப் போட்டிருந்தான். தேர்ச்சிக்கு நாலு மதிப்பெண் குறைந்தது. நூறு நூறு வாங்கினான்.

இறுதி ஆட்டத்தில் கோல் கம்பத்தில் வேறொரு பையனை நிறுத்தினார்கள். பந்து சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் வலைக்குள் வந்து போனது. வெள்ளைச் சட்டையும் பேண்ட்டுமாக வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுவர், ஒவ்வொரு பந்துக்கும் தன்னையறியாமல் கையை நீட்டினான். நூறு அதைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்தான்.

மறுநாள் சுவர் கணக்குப் புத்தகத்தை நூறிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"போதும்டா. நீயும் மாடா உழைச்சுப் பாத்துட்ட. என் மண்டையில ஏறலைன்னா நீ என்ன பண்ணுவ? வருஷம் முடிஞ்சதும் மாமாவோட டயர் கடைக்கு வரேன்னு சொல்லிட்டேன். அம்மாவும் சரின்னுட்டாங்க."

"படிப்பை விடப்போறியா?"

"நீ சொல்லிக் குடுத்தே எனக்கு வரலையே, இனி யாரு சொல்லி வரப்போகுது? ஆனா ஒண்ணு. பதக்கம் உனக்குத்தான். டீம் பசங்ககிட்டல்லாம் பேசிட்டேன். கேப்டனே உனக்குத்தான் போடுறானாம்." சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டினான். நூறின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூனைக் கதை சொல்லச் சரளமாக வந்த வாய் இது.

"சொல்லு தம்பி."

"ஒண்ணுமில்ல ஃபாதர்."

"ஒண்ணுமில்லையா? அப்பாடா. ஒண்ணுமில்லாதப்பல்லாம் இப்படியே சொல்லு," என்றார் சின்ன ஃபாதர் நிம்மதியாக, அடுத்த ஆளுக்கு மணியடித்தபடி.

தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஜெபம் முடிந்ததும் பெரிய ஃபாதர், "பார்த்த நல்லதைச் சொல்லுங்க," என்றார். சுவர்தான் முதலில் எழுந்தான். அவனுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஃபாதர், நான் ஒரு மக்கு. எல்லாருக்கும் தெரியும். என்னை வச்சுக்கிட்டு இவன் தினம் தினம் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்தான். ஒருநாள்கூட மக்குன்னு சொல்லல. வேற யாரும் என்கிட்ட அப்படி உக்காந்ததில்ல. நான் ஃபெயில் ஆனது இவன் தப்பில்ல. அவ்வளவுதான்."

சிற்றாலயமே நூறைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் கணக்கு வாத்தியார்கூடத் தலையசைத்தார். பதக்கம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொள்வதில் அவன் ஏற்கெனவே தேறியவன்தான்.

எழுந்துவிட்டான்.

"அது என் தப்புதான் ஃபாதர். நிகழ்தகவை நான் தலைகீழாச் சொல்லிக் குடுத்துட்டேன். நீங்க பாக்குறீங்கன்னு அந்த நெனப்புலயே சொல்லிட்டேன். பரீட்சையன்னைக்குக் காலையில வரிசையில வரும்போது இவன் அதைச் சொல்லிக்கிட்டே வந்தான். தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அசிங்கமாயிருமேன்னு சொல்லல." மூச்சு வாங்கினான். "அவன் நான் சொன்ன மாதிரியேதான் போட்டான். ஒரு எழுத்து மாறல."

பெரிய ஃபாதர் தன்னுடைய பெயரும் இதில் அடிபடுமென்று எதிர்பார்க்கவில்லை. மேலே இருந்த சிலுவையைப் பார்ப்பதுபோல் தலையை உயர்த்திக்கொண்டார்.

சுவர் இன்னும் உட்காரவில்லை. அவன் நூறைத் திட்டுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அப்ப," என்றான் மெதுவாக, "எனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சா?"

"புரிஞ்சுதுடா. நான் தப்பாச் சொன்னது உனக்குச் சரியாப் புரிஞ்சுது."

பையன்கள் சிரித்தார்கள். சுவர் சிரிக்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்து, பந்து பிடிக்கும் அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கிப்போனது.

வழக்கம்போல் கேப்டனுக்கே பதக்கம் விழுந்தது. நூறுக்கும் ஒரு சீட்டு விழுந்திருந்தது. யார் போட்டதென்று கேட்க அவனுக்குத் துணிவில்லை.

வெளியே வந்ததும் சுவர் அவன் தோளில் ஒரு குத்து விட்டான். செல்லக் குத்தில்லை. நூறு இரண்டடி பின்னால் போய் மரத்தில் முட்டிக்கொண்டான்.

"இது ஃபைனலுக்கு."

"சரி."

"இப்ப வீட்டுக்கு வா."

"எதுக்குடா?"

"எங்கம்மா நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீயே வந்து சொல்லு."

சிற்றாலயத்தில் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு வந்தவன், சுவரின் வீட்டுக்கு இருந்த இரண்டு தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று முறை ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். சுவரின் அம்மா தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில், பாதி தைத்த பள்ளிச் சட்டைகளுக்கு நடுவில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகனின் அழுத கண்ணையும் கூட வந்தவனின் முகத்தையும் பார்த்தும் அவள் மிஷின் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"என்னடா, மறுபடியும் என்ன?"

சுவர் நூறை முன்னால் தள்ளினான். நூறு முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். கூட்டலையும் பெருக்கலையும் சொன்னான், வரிசையில் வாயை மூடிக்கொண்டதைச் சொன்னான். "உங்க பையன் மக்கு இல்லம்மா. நான்தான்..." என்றான்.

மிஷின் நின்றது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நூறு நின்றான். திட்டியிருந்தால் தேவலை. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்தபடியே இருந்தாள், புதிதாகப் பார்ப்பதுபோல.

"மாமாவுக்கு ஃபோன் போடுடா," என்றாள். "டயர் கடைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."