ஷூ தெரியாத கண்ணாடி

...ஷூவைத்தான் காணவில்லை, தலை இருக்கிறது, தலைக்கு மேல் தாராளமாகக் காலியிடம்கூட இருக்கிறது, டை இருக்கிறது, தொப்பை தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது, கால்சட்டை மட்டும் கணுக்காலுக்கு மேல் பொசுக்கென்று முடிந்துபோகிறது... ஆயிரத்து இருநூறு பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு பொது மேலாளர் தன் புது அறையில் காலில்லாமல் மிதப்பதா, பதினோரு மணிக்குச் சேர்மன் அறையைப் பார்க்க வருகிறார், அதற்குள் 'வேலை திருப்தி' என்ற சீட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம், எதற்குப் போடுவது, முக்கால் மனிதனுக்கா? ஆளுயரக் கண்ணாடி கேட்டேன், மூன்றடியில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போதும் என்கிறான் இந்தக் கண்ணாடிக்காரன், “இந்தக் கடைக்காரங்களை இனிமே உள்ளயே விடக்கூடாது, லெட்டர் அடிம்மா” என்று செயலாளரிடம் சொல்லியாயிற்று, மிச்சம் ஒன்பது மாடிக்கும் கண்ணாடி மாட்டும் வேலை இவன் கையைவிட்டுப் போகப் போகிறது, இவனோ பதறாமல் பேனாவால் சுவரில் கோடு காட்டுகிறான். “உங்க ஷூ மேல பட்ட வெளிச்சம் கண்ணாடிக்கு வருது சார். வந்த சாய்வுலயே திரும்பி உங்க கண்ணுக்குப் போகுது. அப்போ தரைக்கும் கண்ணுக்கும் சரியா நடுவுலதான் கண்ணாடி அதைப் பிடிக்கும். ஆறடி ஆளுக்கு மூணடி போதும்.” தள்ளி நின்றால் தெரியும்தானே என்று கேட்டதற்கு, “அடுத்த தெருவுல போய் நின்னாலும் இதேதான் சார்” என்கிறான், திமிரைப் பாரேன்.

பொது மேலாளர் பின்னால் நகர்ந்தார், ஓரடி, இரண்டடி, நாற்காலி தொடையில் இடித்தது, உள்ளே இருந்தவனும் அதேபோல் தன் நாற்காலியில் இடித்துக்கொண்டான், ஆள் சிறுத்தான், ஆனால் கால்சட்டை அறுந்த இடம் அறுந்தபடியே... இது எப்படி, கிட்டே போனாலும் அதே இடம், தூரப் போனாலும் அதே இடம், ஐம்பத்திரண்டு வருடமாகத் தினமும் கண்ணாடி பார்க்கிறோம், இதைப் பார்த்ததே இல்லையே? சேர்மன் வருவதை மறந்து இன்னொரு முறை முன்னும் பின்னும் நடந்தார், சுவாரசியமாகத்தான் இருந்தது. “அளவுல ஏதாவது தப்பா எழுதியிருக்கலாம் சார், டேப் இருக்கு, ஒரே நிமிஷம்” என்று கண்ணாடிக்காரன் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தான், செயலாளர் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள், அவ்வளவு ஆர்வமாக அவள் எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்ததில்லை. “வேணாம்!” இவ்வளவு சத்தம் தேவையில்லைதான். “நீ போய் டீ குடிச்சிட்டு வாப்பா. நீ போய் லெட்டர் அடிம்மா.” “காரணம் என்னன்னு போடட்டும் சார்?” “அப்புறம் சொல்றேன்!”

சீட்டின் மேலே அளவு என்ற இடத்தில் உயரம் ஆறடி என்று இருந்தது, அவரே கைப்பட எழுதிக் கொடுத்ததுதான். முதல் வேலை விண்ணப்பத்தில் எழுதிய ஆறடி, பெண் பார்க்கப் போகுமுன் மாமனாருக்குச் சொல்லி அனுப்பிய ஆறடி, மருத்துவமனையில் நர்ஸ் அளக்க வந்தபோது “எழுதிக்கோம்மா” என்று சொல்லிவிட்ட ஆறடி... பொய் என்று சொல்ல முடியாது, இத்தனை இடத்தில் பதிவானது எப்படிப் பொய்யாகும்? அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'கொடிக்கம்பம்' என்கிறார்களே, காதால் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்திருக்கிறாரே, அப்போது ஏன் சிரித்தார்கள்? அலமாரியிலிருந்து நிறுவனத்தின் ஆண்டறிக்கை ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு ஏறி நின்றார், முதல் பக்கத்தில் அவருடைய படம், பரவாயில்லை, மூடித்தான் இருக்கிறது. கால்சட்டை கொஞ்சம் நீண்டது. இன்னொரு வருடம், இன்னொன்று... ஐந்தாவது வருடத்தின் மேல் நின்றபோது இரண்டு ஷூவும் முழுதாக மேலேறி வந்தன, ஒரு நாடா அவிழ்ந்திருந்தது, ஒன்பதாவதில் தலைக்கு மேலிருந்த காலியிடமும் தீர்ந்து உச்சி கண்ணாடியின் மேல் விளிம்பைத் தொட்டது, ஆறடி ஆளுக்குத் தொட வேண்டியபடி. இறங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஆறு அங்குலம். தெரியாதா என்ன, தெரியும், சொத்தைப் பல் இருப்பது தெரிவதுபோல, நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் சரி... மறுபடி ஏறினார், இன்னொருமுறை பார்க்கலாமே என்று, அப்போது கதவு திறந்தது.

கண்ணாடிக்காரன் ஆண்டறிக்கைகளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “பல்பு மாத்துறீங்களா சார்?” “ம்... வெளிச்சம் பத்தலை.” “ஆமா சார், பத்தலைதான். மூணு அங்குலம் இறக்கி மாட்டிடறேன், பழைய ஓட்டை பின்னாலயே மறைஞ்சிடும்.” “ஏன் மூணு, ஆறு இல்லையா?” என்று கேட்டேவிட்டார், வாய், சனியன்... அவன் சிரிக்கவில்லை, திருப்புளியைத் தேடினான். “பாதி சார். கண்ணாடிக்கு எல்லாமே பாதிதான். உங்க வீட்டுலயும் நான்தானே மாட்டினேன், அது சரியா இருக்குமே? மேடம் எழுதிக் கொடுத்த அளவு.”

வீட்டில்... வீட்டில் ஷூ தெரிகிறது, தினமும் தெரிகிறது, நாடாவின் நுனிவரை. இருபத்தாறு வருடம், விருந்தாளிகள் முன்னால் அவர் 'ஆறடி' என்னும்போதெல்லாம் “ஆமாங்க” என்று தட்டை நீட்டுகிறவள், போட்டோ என்றால் ஒரு படி கீழே இறங்கி நிற்கிறவள், வெயில் கண்ணைக் கூசுவதால் என்றல்லவா நினைத்தோம்... எப்போது அளந்தாள், தூங்கும்போதா, சாணாலா, கல்யாணத்துக்கு முன்பா பின்பா? கண்ணாடி மூன்று அங்குலம் இறங்கியது, ஷூ வந்தது, சீட்டில் கையெழுத்துப் போட்டார், லெட்டர் வேண்டாம் என்று செயலாளருக்குச் சொன்னார், காரணம் கேட்காதே என்றும் சொன்னார். மணி பத்து ஐம்பது. மனைவிக்குப் போன் போட்டார், கேட்டுவிடுவதென்றுதான்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல... சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். கண்ணாடி மாட்டியாச்சா?” கொஞ்சம் நிறுத்தி, “ஷூ தெரியுதா?” என்றாள்.

அவர் குனிந்து நாடாவைக் கட்டினார், உள்ளே இருந்தவனும் குனிந்தான், போன் காதிலேயே இருந்தது, இன்னும் வேறென்னவெல்லாம் இவள்...