ஐந்து ஜோடி ஷூ

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். ஆகவே ஐந்து ஜோடி ஷூ போதும் என்பது கல்லூரி முதல்வரின் கணக்கு. பெண்கள் அணியில் இருந்ததோ பத்துப் பேர்.

"மீதிப் பேரு சும்மாதானே உக்காந்திருக்காங்க?" என்றார் அவர்.

"மாத்தி இறக்கணும் சார்," என்றார் பயிற்சியாளரம்மா.

"முதல்ல ஒரு கோப்பையைக் கொண்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. பயிற்சியாளரம்மா வாதாடவில்லை. "அடுத்த மேட்சுக்கு நீங்களே வாங்க சார். முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

முதல்வர் வந்தார். இரண்டாம் பாதியில், உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கிய அணித்தலைவிக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குப் பதில், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் பொடிப்பெண் இறங்க வேண்டும். நெட்டை ஓரமாக உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகியிருந்தது. நடுவர் விசில் ஊதினார். குண்டூசி அந்த ஷூவை வாங்கி, முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தாள். நெட்டையின் கால் அளவு அப்படி. மறுபடி விசில்.

"என்ன பண்றாங்க?"

"ஆள் மாத்துறோம் சார்."

பக்கத்து இருக்கையில் இருந்த எதிரணிக் கல்லூரியின் முதல்வர், "உங்க பிள்ளைங்களா?" என்று விசாரித்தார். இவர் காதில் விழாததுபோல் கூரையைப் பார்த்தார்.

குண்டூசி ஓடி வந்து எம்பினாள். பந்து வெளியே போனது. ஷூ மட்டும் கழன்று, வளையத்தை உரசிக்கொண்டு விழுந்தது. அரங்கம் கைதட்டியது.

மறு வாரமே எல்லோருக்கும் ஷூ வந்தது. விடுமுறையில் பயிற்சிக்கூடத்தின் சிமெண்ட் தரைமேல் மரத்தளம் போட்டார்கள். ஆனாலும் அந்த வருடம் தோற்றார்கள். மரத்தளத்தில் பந்து எழும்பும் விதமே யாருக்கும் பிடிபடவில்லை.

"அதான் எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சே?" என்றார் முதல்வர்.

"பிள்ளை பொறந்த அன்னைக்கே நடக்குமா சார்?"

முதல்வர் சற்று யோசித்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். "நடக்காது," என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு கோப்பையையும் தொடாமலேயே நெட்டை படிப்பை முடித்துக்கொண்டு ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். அடுத்த வருட இறுதிப்போட்டிக்கு, உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு வந்தாள். முதல்வருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஆட்டம் முடியும்வரை தொண்டை கிழியக் கத்தினாள். அவளுடைய பழைய அணி ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

"பாத்தியாம்மா? போட்ட முதல் வீண் போகலை," என்றார் முதல்வர்.

"ஆமா சார்."

குண்டூசி ஓடி வந்து, தடுப்புக் கம்பிக்கு மேலே கோப்பையை நீட்டினாள். நெட்டை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்கும்வரை கொடுக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. உடம்பு சரியில்லை என்றதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.